பள்ளி வாசலில் தொங்கும் சரங்கள்

எங்கள் நடுநிலைப் பள்ளியின் வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. கேட்டிலிருந்து எண்ணினால் முப்பது காலடி தூரம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடை ஆச்சியின் தட்டில் நெல்லிக்காய், மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று, அவித்த கடலை எல்லாம் இருக்கும். இப்போது ஆச்சியின் முகமே தெரிவதில்லை. பூக்கடை போல ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஏன் ஆச்சி என்று கேட்டேன். நெல்லிக்காய் அழுகினால் நஷ்டம் தன்னுடையது, பாக்கெட் மாதக் கணக்கில் கெடாது, வண்டிக்காரனே வந்து மாட்டிவிட்டும் போகிறான் என்றார். கணக்கு டீச்சரான எனக்கு அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

குழந்தைகளின் உடல்பருமன் என்று பேச்செடுத்தாலே மேடையில் இருப்பவர்கள் அம்மாக்களுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். செல்லம் கொடுக்கிறீர்கள், சமைக்கச் சோம்பல்படுகிறீர்கள், கண்டிக்கத் தெரியவில்லை! எனக்கு எரிச்சலாக வருகிறது. காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிற அம்மா, வீட்டில் இல்லாத நேரத்தில் எப்படிக் கண்டிப்பாள்?

சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. நாளைக்கே அதிகாரி வந்தால் யாருடைய சரத்தை அறுப்பார்? ஆச்சியுடையதை. பாக்கெட்டில் கார்ட்டூன் பொம்மை அச்சடித்தவர் எங்கோ நிம்மதியாக இருப்பார். அந்த விதியில் எந்தப் பண்டம் அடங்கும் என்று ஆச்சிக்கு எப்படித் தெரியும்? விவரமெல்லாம் பாக்கெட்டின் முதுகில், எறும்பு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது.

சிலி நாட்டில் இதை வேறு முனையிலிருந்து பிடித்தார்கள். 2012-ல் சட்டம் இயற்றி, கம்பெனிகளின் எதிர்ப்பையெல்லாம் தாண்டி, 2016 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி எது மிகுந்தாலும் பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. முத்திரை விழுந்த பண்டத்தின் மேல் குழந்தைகளை இழுக்கும் பொம்மைப் படம் கூடாது. பள்ளியில் விற்கவும் கூடாது. நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுக்குள் சர்க்கரைப் பானங்கள் வாங்குவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் கறுப்பு முத்திரை புரியும்.

பாக்கெட்டின் முகப்பு லேபிளுக்கு நம் ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவிலோ நட்சத்திரங்கள்! அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. சர்க்கரைக்குக் குறையும் மதிப்பெண்ணை நாரும் கொட்டையும் சேர்த்து ஓரளவு மீட்டுக்கொள்ளலாம். நான் பிள்ளைகளின் நோட்டில் நட்சத்திரம் போடுவது நன்றாகச் செய்ததற்கு. இரண்டு நட்சத்திரம் வாங்கிய பிஸ்கட்டைப் பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? முகப்பு லேபிள் விவகாரத்தை மூன்று மாதத்தில் முடியுங்கள் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு தவணை நீண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், நூடுல்ஸ், மிக்சர் வகையறாக்களின் ஜிஎஸ்டி மட்டும் சட்டென்று 5 சதவீதத்துக்கு இறங்கியது. வரி குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் வரியைக் குறைக்க முடிவெடுத்த கூட்டத்தில் குழந்தையின் வயிற்றை யாராவது நினைத்தார்களா?

பிள்ளைக்குச் சோறு போடத் தெரியாத ஊரா இது? 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. காமராஜர் அதைப் பரவலாக்கினார், எம்ஜிஆர் 1982-ல் சத்துணவாக்கினார், கருணாநிதி 1989-ல் முட்டையைச் சேர்த்தார், 2022-ல் காலை உணவும் வந்தது. வாசலுக்கு உள்ளே நூறாண்டு அனுபவம். அதே வாசலைத் தாண்டினால் அரசுக்குக் கை நடுங்குகிறது.

இது பணக்காரப் பிள்ளைகளின் நோய் என்பவர்கள் என் வகுப்புக்கு வரலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். இரண்டும் ஒரே வீட்டிலேயே இருக்கலாம். என் வகுப்பில் பெஞ்சு கொள்ளாத பையனும் காற்றில் பறந்துவிடுவான் போன்ற பையனும் இடைவேளையில் ஒரே பாக்கெட்டைப் பிரித்துத் தின்கிறார்கள்.

(விளையாட்டு பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு டீச்சர்களில் நானும் ஒருத்தி. கடனைத் திருப்பித் தந்ததில்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம்.)

போன மாதம் நானே இரண்டு கிலோ நெல்லிக்காய் வாங்கிக் கொடுத்து, விற்கிற காசை வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி என்றேன். தட்டைச் சரங்களுக்குக் கீழே வைத்தார். மூன்று நாளில் விற்றது பதினோரு காய். மீதியை ஊறுகாய் போட்டு, எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார்.