அண்ணியோடு நிறுத்திவிட்டீர்களே

இந்தி, மராத்தி நடிகை ரேணுகா ஷஹானே பற்றிய உங்கள் கட்டுரையில் முக்கால்வாசி இடம் அவர் தொகுத்து வழங்கிய தூர்தர்ஷன் 'சுரபி' நிகழ்ச்சிக்கும் சல்மான் கான் பட அண்ணி வேடத்துக்குமே போய்விட்டது. அவர் எழுதி இயக்கியதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முதல் படம் 'ரீடா' (மராத்தி, 2009), அம்மா சாந்தா கோகலேயின் நாவலிலிருந்து எடுத்தது. பெற்ற தாயின் எழுத்தில் கை வைப்பது லேசுப்பட்ட காரியமா! அடுத்த 'திரிபங்கா'வுக்கு (2021) 12 வருஷம். அதிலும் அம்மா எழுத்தாளர்தான், கோமாவில் கிடக்கிறார். மகளாக வரும் கஜோல் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி வசை பாடுகிறார். அந்தக் கோபத்தை அழகுபடுத்தாமல் அப்படியே விட்டதுதான் எனக்குப் பிடித்தது. தாயைத் தெய்வமாக்கும் வேலையே இல்லை. என்ன, சில இடங்களில் முகமே காட்டிவிட்டதை வசனமும் திரும்பச் சொல்கிறது. சின்னத்திரைப் பழக்கமோ என்னவோ!