சாய்தளமா, சறுக்குமரமா?

ஓர் அலுவலக வாசலில் சக்கர நாற்காலிப் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. அதை நம்பி அம்மாவைக் கூட்டிப்போனேன். சாய்தளம் இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் சறுக்குமரம் மாதிரி. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இங்கே 3 அடிக்குள் முடித்துவிட்டார்கள். நான் தள்ள, காவலாளி முட்டுக்கொடுக்க, அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேலே போனால் கதவை மறித்துப் பூந்தொட்டி! (அழகான தொட்டிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.) நகர்த்திவிட்டு உள்ளே போய் வந்த வேலையைச் சொன்னால், "இதெல்லாம் இப்போது ஆன்லைனில்தான்" என்றார்கள்.

சரி என்று வீட்டுக்கு வந்து இணையதளத்தைத் திறந்தால், கோணல்மாணல் எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. அம்மாவுக்குப் பார்வையும் மங்கல். ஒலியாகக் கேட்கும் பொத்தானைத் தேடினேன். இருந்தது. அமுக்கினால் சத்தமே வரவில்லை.