எந்தக் காலனி?

போன வாரம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மினி பஸ் கண்ணாடியில் 'மீனவர் காலணி' என்று எழுதியிருந்தது. மூன்று சுழி 'ண' போட்டதில் செருப்பாகிவிட்டது. சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, எங்கள் பக்கம் 'காலனி' என்ற சொல்லைச் செருப்பைப் போலத்தான் வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

லத்தீனில் 'கொலோனியா'. உழவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர்கள் பிடித்த மண்ணில் தங்கள் ஆட்களைக் குடியமர்த்திய ஊருக்கு அந்தப் பெயர். ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அதைச் சுமக்கிறது. எதிர்க்கரையில் இலங்கை 1802 முதல் 1948 வரை பிரிட்டிஷ் முடியின் காலனி. அங்கே தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களை இந்த மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள்.

ஆக, அங்கே காலனி என்றால் பிடித்தவன் வந்து உட்கார்ந்த இடம். இங்கே அப்படியே தலைகீழ். ஊர் வேறு, காலனி வேறு. காலங்காலமாக இங்கேயே இருப்பவர்களை ஒதுக்கி வைத்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர். சேரி என்று சொல்லக் கூச்சப்பட்டு காலனி என்றார்கள். கொஞ்ச நாளில் அது சேரியின் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டால் கௌரவம். பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்றால் வீட்டு வாடகையே கூடும். வெறும் 'காலனி' என்றால், "ஓ... அங்கயா?" என்று குரல் இறங்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர் வருகைப் பதிவு எடுக்கும்போது, "காலனிப் பயலுக எல்லாம் வந்தாச்சா?" என்பார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தலை நிமிராமல் "உள்ளேன் ஐயா" என்பான்.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இந்தச் சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல காரியம். 'பேர மாத்துனா எல்லாம் மாறிடுமா?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரால் ஒருமுறைகூடக் கூப்பிடப்படாதவர்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பூச்சிகள் கூட்டமாக வாழ்வதையும் விஞ்ஞானிகள் காலனி என்றே சொல்கிறார்கள். அங்கே ஒன்றோடொன்று சதையால் ஒட்டியிருக்கும். ஒன்று தின்ற இரை மற்றதற்கும் போகும்.

நேற்று எங்கள் தெரு மளிகைக் கடையில் கடன் நோட்டை எட்டிப் பார்த்தேன். எல்லோருக்கும் பெயர் இருந்தது. ஒரு வரியில் மட்டும் 'காலனி அக்கா, 140'.