அடித்ததும் சரி, நிறுத்தியதும் சரி

2025 மே 10 சாயங்காலம் இந்தியா-பாகிஸ்தான் சண்டை நிறுத்தம் என்று அறிவித்ததும் எங்கள் வேளச்சேரி குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பலருக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. "லாகூர் வரைக்கும் போயிருக்கலாமே, ஏன் விட்டாங்க?" என்று ஒரே புலம்பல். இன்னொரு பக்கம் என் கல்லூரி நண்பர்கள், அடித்ததே தப்பு, பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

பேசிப் பார்க்காமலா இருந்தோம்? 2008-ல் மும்பையில் 166 பேர் செத்தபோது நாம் படையை அனுப்பவில்லை. ஆதாரத்தைக் கொடுத்தோம், பிடிபட்ட கசாப்பை நீதிமன்றத்தில் நிறுத்தினோம். பாகிஸ்தான் பக்கம் வழக்கை இழுத்தடித்து, சதியில் முக்கியக் குற்றவாளியான லக்வியை 2015-ல் ஜாமீனில் விட்டார்கள். பிறகு பயங்கரவாதிகளுக்குப் பணம் போகும் வழியைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு 2018-ல் பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில், அதாவது கண்காணிப்புப் பட்டியலில், வைத்து நெருக்கியது. லஷ்கர் அமைப்பை ஆரம்பித்த ஹஃபீஸ் சயீத் சிறைக்குப் போனது அதற்கப்புறம்தான். ஆகவே குண்டு ஒன்றுதான் வழி என்பதும் உண்மையில்லை. ஆனால் 2022-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுத் தள்ளினார்கள். அதன் பிறகு மே 7 அதிகாலை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்பது இடங்களை நாம் தாக்கியதை என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

சரி, லாகூருக்கு வருவோம். ஒரு கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற ஊர். பிடித்து என்ன செய்வதாக உத்தேசம்? தண்ணீர் விடுவது யார், ரேஷன் போடுவது யார்? அணுகுண்டை முதலில் போட மாட்டோம் என்பது பாகிஸ்தானின் கொள்கையே இல்லை என்பது வேறு. அந்த நாட்களில் சில டிவி சேனல்கள் கராச்சித் துறைமுகமே அழிந்துவிட்டது என்று அலறின. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அதைப் பார்த்து இங்கே பட்டாசு வெடிக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. காஷ்மீர் எல்லையில் இருக்கிற பூஞ்ச்சில் அதே சமயம் வீடுகள் மேல் பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. செத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். சென்னைக்கு அந்தப் போர் என்பது துறைமுகத்தில் ஒரு ஒத்திகை, போர் நினைவுச் சின்னம் வரை ஒரு பேரணி, அவ்வளவுதான். 1914-ல் ஜெர்மனியின் எம்டன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது இதே ஊர்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

எல்லோரும் 1971-ஐ இழுக்கிறார்கள், நானும் இழுக்கிறேன். அன்றைய கிழக்கு பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, கிட்டத்தட்ட ஒரு கோடி அகதிகள் வந்து நின்றபோதும் ராணுவத் தளபதி மானெக்‌ஷா அவசரப்படவில்லை, தயாராக அவகாசம் கேட்டார். டிசம்பர் 3-ல் பாகிஸ்தான் நம் விமானத் தளங்களைத் தாக்கியது. 16-ம் தேதி டாக்காவில் சரணடைந்தது. போர்க் கைதிகள் மட்டும் சுமார் 93,000 பேர். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த விஷயம்: 1972 மார்ச்சுக்குள் நம் படை அங்கிருந்து கிளம்பிவிட்டது. எதற்குப் போனோம் என்பது தெரிந்திருந்ததால் எப்போது திரும்புவது என்பதும் தெரிந்திருந்தது.

அது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படை எதிரி நாட்டின் மேல் போன படை இல்லைதான். ஜூலையில் அமைதி காக்கப் போனவர்கள் அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இருந்தார்கள். அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் கொல்லப்பட்டார்கள். நம் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேல் பலி. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவரைத் திட்டியவர்களும் உண்டு, கும்பிட்டவர்களும் உண்டு. அந்தச் சிப்பாய்களை நினைத்தால்தான் எனக்குச் சங்கடம். இராக்கில் அமெரிக்கா செய்த கூத்தைப் பற்றி எழுதப் போனால் பதிவு நீண்டுவிடும். இல்லாத ஆயுதத்தைத் தேடிப் போனவர்கள் என்பதோடு விடுகிறேன்.

அதனால்தான் நாலு நாளில் நிறுத்தியது எனக்குக் கோழைத்தனமாகத் தெரியவில்லை. அந்தச் செய்தி டெல்லிக்கு முன்னால் டிரம்ப்பின் பதிவில் வந்தது எரிச்சல்தான், ஆனால் அது வேறு கணக்கு.

என்னை உறுத்துவது இன்னொன்று. இனி எந்தப் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தாலும் அது இந்தியா மீதான போராகவே கருதப்படும் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் அப்படியானால் அடுத்த போர் எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை முடிவு செய்யப்போவது நம் அமைச்சரவையா, துப்பாக்கியோடு எல்லை தாண்டி வரும் நாலு பேரா? கமெண்டில் "பாகிஸ்தானுக்குப் போ" என்று எழுத வருகிறவர்கள், இதற்கு ஒரு பதிலை எழுதிவிட்டு அப்புறம் அதை எழுதவும்.