‘முங்கு’ அகராதியில் இருக்கிறது

"‘முங்கு’ கொச்சை, அகராதியிலேயே கிடையாது, ‘மூழ்கு’ மட்டும்தான் தமிழ்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் முங்கு, முழுகு, மூழ்கு, அமிழ் எல்லாமே உண்டு. சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் அதை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். மலையாளத்தில் முங்ஙுக, தெலுங்கில் முனுகு என்று உறவுச் சொற்களும் இருக்கின்றன.

அதற்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது, சரி. ஆற்றில் மூன்று முறை முங்கி எழுகிறோம். புயலில் கப்பல் மூழ்குகிறது. "முழுகாமல் இருக்கிறாள்" என்றால் கர்ப்பம். அங்கே ‘மூழ்காமல்’ என்று போட்டால் நீச்சல்காரி ஆகிவிடுவாள்! தூத்துக்குடியில் முன்பு முத்தெடுக்கக் கடலுக்குள் இறங்கியதற்குக் ‘குளித்தல்’ என்றே பெயர்.

அந்தச் செய்தி வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் கட்டுரையில் ‘முங்கினான்’ என்பதைச் சிவப்பு மையால் அடிக்கவும் வேண்டாம்.