1800 யூலும் ஒரு பிளேன்டியும்

(கல்லடி கடற்கரைப் பக்கம், சமதரையான வீதி. நின்றுபோன ஓட்டோவின் பின்னால் மாமா. ஹாண்டிலைப் பிடித்தபடி, உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிற மருமகள்.)

மாமா: புள்ள, உயிரக் குடுத்துத் தள்ளுறன், அசையுதில்லையே!

மருமகள்: பார்க்கிங் பிரேக் போட்டிருக்கு மாமா. இப்ப எடுத்திட்டன்.

மாமா: அடி ஆத்தே! அப்ப இவ்வளவு நேரம் நான் குடுத்த சக்தி?

மருமகள்: வண்டிக்கு ஒண்டும் வரல்ல. தூரம் சைபர் எண்டா, விசைய அதால பெருக்கினாலும் சைபர்தான். உங்கட தசையில இருந்த இரசாயன சக்தி சும்மா சூடாப் போயிட்டு. சேட்டத் தொட்டுப் பாருங்க.

மாமா: சரி, மறுகா தள்ளுறன். கணக்கச் சொல்லிக்கிட்டு இரு, களைப்புத் தெரியாது.

மருமகள்: வண்டியும் நானும் 400 கிலோ எண்டு வைப்பம். நீங்க 280 நியூற்றன் விசையில தள்ளுறீங்க. டயரும் போறிங்கும் 80 நியூற்றனால எதிர்க்கும். மிச்சம் 200. ஆர்முடுகல் அரை, அதாவது ஒவ்வொரு செக்கனுக்கும் கதி செக்கனுக்கு அரை மீற்றரால கூடும்.

(வண்டி உருள்கிறது.)

மருமகள்: 2 செக்கன்! கதி செக்கனுக்கு 1 மீற்றர், இயக்கசக்தி, அதான் ஓட்டத்தில இருக்கிற சக்தி, 200 யூல். 4 செக்கன்! கதி 2, சக்தி 800!

மாமா: பொறு, பொறு. கதி இரட்டிச்சா சக்தியும் இரட்டிச்சு 400தானே வரணும்? மற்ற 400 எங்கேருந்து வந்த?

மருமகள்: உங்கள்ட்ட இருந்துதான். முதல் 2 செக்கன்ல 1 மீற்றர்தான் தள்ளினீங்க. அடுத்த 2 செக்கன்ல 3 மீற்றர். விசை மாறல்ல, மீற்றருக்கு 200 யூல்தான் ஏறும். ஆனா கதி கூடக் கூட, அதே நேரத்துக்குள்ள கூடத் தூரம் ஓடுறீங்க.

மாமா: அதானா... மூச்சு... முட்டுது?

மருமகள்: ஓம். கதி 1 மீற்றரா இருக்கக்குள்ள உங்கட வலு, அதான் ஒரு செக்கன்ல நீங்க குடுக்கிற சக்தி, 280 வாற்று. இப்ப 6 செக்கன், கதி 3. அப்ப 840 வாற்று.

மாமா: நான் என்ன குதிரையா!

மருமகள்: ஒரு குதிரைவலு 746 வாற்றுத்தான் மாமா. நீங்க அதுக்கும் மேல. 9 மீற்றர் வந்திட்டம். நீங்க குடுத்தது 2520 யூல். 1800 வண்டியிட ஓட்டத்தில இருக்கு, 720 டயரிலயும் போறிங்கிலயும் சூடாப் போயிட்டு. டயர்ல காத்துக் குறைஞ்சு எதிர்ப்பு 160 ஆகியிருந்தா, வண்டிக்கு 1080தான் மிஞ்சியிருக்கும். சரி, ரெண்டாம் கியர்ல கிளச்ச விடுறன், உருளுற சில்லு எஞ்சினச் சுத்தட்டும்!

(டக்! வண்டி குலுங்கி நிற்கிறது.)

மாமா: என்னகா இது? என்ட 1800 யூல் எங்க?

மருமகள்: எஞ்சினச் சுத்தி, காத்த அமுக்கி, உராய்வில சூடாப் போயிட்டு. முதலாம் கியர்ல விட்டிருந்தா சில்லு இறுகி ரோட்டிலதான் தேஞ்சிருக்கும்.

மாமா: முதல்ல எனக்குச் சீனி போட்டு ஒரு பிளேன்டி வாங்கித் தா.

மருமகள்: தசை அஞ்சு யூல் எரிச்சா ஒரு யூல்தான் தள்ளுறதுக்கு வரும். அப்ப 2520க்கு 12,600 யூல். ஒரு கிராம் சீனியில கிட்டத்தட்ட 17,000 யூல் இருக்கு. உங்களுக்கு முக்கால் கிராம் சீனி காணும்.

மாமா: கரண்டி நனையவும் காணாதே!

மருமகள்: அத விடுங்க. நீங்க குடுக்கிற 1800 யூல் எஞ்சினக் கொஞ்சம் சுத்திவிடத்தான். அங்கால பெட்ரோலுக்குள்ள இருக்கிற இரசாயன சக்தி வந்து பொறுப்பெடுக்கணும். பெட்ரோல் எப்ப அடிச்ச நீங்க?

மாமா: பெட்ரோலா? அது முடிஞ்சதாலதானே புள்ள தள்ளுறன்!