திரும்பவும் அந்தத் துண்டு

கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில், விடியவே வந்து நம்பர் எடுத்த கொட்டாஞ்சேனை அம்மாவிடம் மருந்து யன்னலில் ஒரு துண்டை நீட்டுகிறார்கள்: "இன்சுலின் முடிஞ்சுது, வெளியில வாங்குங்கோ." முடியப்போவது களஞ்சியத்துக்கு முன்பே தெரியாதா? கிளினிக்கில் யார் யாருக்கு எவ்வளவு என்று கொப்பி நிறைய எழுதித்தானே இருக்கிறது! கேட்டால், ஓடர் போட்டாச்சாம். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும்; அந்த அம்மாவோ வெளியில் வாங்கி, இந்த வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். அதைவிட எரிச்சல், வேறு மருந்துகள் திகதி முடிந்து பெட்டி பெட்டியாகக் கிடப்பது. முதலில் காலாவதியாவதை முதலில் கொடுப்பது களஞ்சிய வேலையின் அரிச்சுவடி. பக்கத்து ஆஸ்பத்திரியில் கூடுதலாக இருக்கிறதா என்று ஒரு கோல் எடுத்துக் கேட்டாலென்ன? வீட்டுவேலை செய்யும் அந்த அம்மா எந்தக் காசில் வாங்குவார்?